புகையிலைக் கிடங்கில் பிறந்த பள்ளிக்கூடம்

ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளை எவரிடம், எவ்வாறு ஒப்படைக்கிறது என்பதைக் கொண்டே அச்சமுதாயத்தின் நெஞ்சத்தை நாம் அறிந்துகொள்ளலாம். உழவர் ஊரில் பள்ளிக்கூடம் வயலுக்கும் கோயிலுக்கும் நடுவே இருந்தது. ஆசிரியர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், பிள்ளைகளை எப்படி நடத்துகிறார் என்பதெல்லாம் ஊராருக்குத் தெரிந்திருந்தது. ஆலைகள் நிறைந்த ஊரிலோ நிலைமை வேறு. தந்தை ஒரு வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே செல்கிறார். தாய் இன்னொரு வாயிலில். பிள்ளை மூன்றாவது வாயிலில். மூவரும் ஒரே கூரையின்கீழ் உறங்கினாலும், ஒருவர் பகலைப் பற்றி மற்றவர் அறியாத வாழ்வு அது. இந்த மூன்று வாயில்களையும் இணைக்கும் பாதை எது என்பதே இக்கட்டுரையின் வினா.

திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். மறைபொருளைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் எல்லாரும் கேட்க உரக்கச் சொன்னவர் என்று வைணவ மரபு அவரைப் போற்றுகிறது. ஏரிப் பாசனத்தையும் நெல்லையும் நம்பியிருந்த இந்தப் பகுதியின் முகம் 1990-களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து கார்கள் வெளிவந்தன. 2006-இல் நோக்கியா கைப்பேசி ஆலை வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலையும், அதைத் தொடர்ந்து லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் டயர்களும் செய்யும் ஆலைகளும் எழுந்தன. சுங்குவார்சத்திரம் முதல் வல்லம் வரை கம்பெனி பஸ்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞரும் இளம்பெண்களும் இங்கே வந்து உழைக்கின்றனர்.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி திறந்து வைக்கப்பட்டது. உழைக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பான படுக்கை ஒன்று கிடைப்பது போற்றத்தக்கதே. ஆயினும் அந்தப் பெண் நாளை மணமுடித்து, ஒரு வாடகை வீட்டில் குடியேறி, தாயாகும்போது எழும் கேள்விக்கு விடுதியில் விடை இல்லை. உழைப்பவருக்கு இடம் உண்டு, உழைப்பவரின் பிள்ளைக்கு? அப்பிள்ளையின் கல்வியில் அந்தத் தாய்க்கும் தந்தைக்கும் உரிய இடம் யாது?

ஒரு தொழிலாளியின் மனக்குறை

இக்கேள்வி புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், வால்டார்ஃப்–அஸ்டோரியா என்னும் சிகரெட் ஆலையில் இதே கேள்வி எழுந்தது. அந்த ஆலையின் தலைவர் எமில் மோல்ட். இளமையிலேயே பெற்றோரை இழந்து, தம் உழைப்பால் உயர்ந்தவர். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனியில் 1918 நவம்பரில் முடியாட்சி வீழ்ந்தது. உணவுப் பஞ்சமும் வேலையின்மையும் மக்களை வாட்டின. அந்நாளில் மோல்ட் தம் தொழிலாளருக்கென ஆலையிலேயே வகுப்புகள் நடத்த ஏற்பாடு செய்தார். ஹெர்பர்ட் ஹான் என்ற ஆசிரியர் அவற்றுக்குப் பொறுப்பேற்றார். முதிர்ந்தவர்களுக்குக் கல்வி ஊட்டுவதிலுள்ள இடர்ப்பாடுகளைக் கண்ட மோல்ட், கல்வி குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

தொழிலாளி ஒருவர் தம்மிடம் சொன்னதையும் அவர் நினைவு கூர்ந்திருக்கிறார். அவருடைய மகன் நன்றாகப் படிப்பவன். மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஆசிரியரே பரிந்துரைத்திருந்தார். ஆனால் அதற்கான செலவைத் தாங்கத் தந்தையால் இயலவில்லை. பெருமையும் வேதனையும் கலந்து அத்தந்தை பேசியது முதலாளியின் உள்ளத்தைத் தைத்தது. அக்கால ஜெர்மனியில் ஏறக்குறைய பத்து வயதிலேயே பிள்ளைகள் தரம் பிரிக்கப்பட்டனர். வசதியுள்ளோரின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தை நோக்கியும், உழைப்பாளரின் பிள்ளைகள் பட்டறையை நோக்கியும் அனுப்பப்பட்டனர். பிரிந்த பாதைகள் மீண்டும் கூடுவது அரிதிலும் அரிது.

1919 ஏப்ரல் 23-ஆம் நாள், மோல்டின் அழைப்பை ஏற்று ஆஸ்திரிய நாட்டுச் சிந்தனையாளர் ருடால்ஃப் ஸ்டைனர் அவ்வாலையின் புகையிலைக் கிடங்கில் தொழிலாளரிடம் உரையாற்றினார். ஏழை, செல்வர் என்ற வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் பன்னிரண்டு ஆண்டுகள் ஒன்றாகக் கற்கும் பள்ளியைப் பற்றி அவர் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கல்வி வல்லுநர்கள் அல்லர். புகையிலை மணம் உடையில் ஒட்டியிருந்த தாய்மாரும் தந்தையரும். தங்களுக்குக் கிட்டாதது தங்கள் பிள்ளைகளுக்காவது கிட்ட வேண்டும் என்ற ஏக்கம் அங்கே பள்ளியாக உருவெடுத்தது. மோல்ட் ஒரு குன்றின்மேல் இருந்த உணவு விடுதியை விலைக்கு வாங்கிப் பள்ளிக்குத் தந்தார். 1919 செப்டம்பர் 7-ஆம் நாள் பள்ளி தொடங்கிவைக்கப்பட்டது. 256 பிள்ளைகள், எட்டு வகுப்புகள், பன்னிரண்டு ஆசிரியர்கள். அந்த 256 பேரில் 191 பேர் அவ்வாலைக் குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களுக்கான கட்டணத்தை ஆலையே ஏற்றது. சிறுவரும் சிறுமியரும் ஒன்றாக அமர்ந்து படித்தனர். பின்னல் வேலையைச் சிறுவரும் கற்றனர்.

பெற்றோருக்கு இட்ட இருக்கை

இப்பள்ளியின் பாடமுறையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். நாம் நோக்க விரும்புவது வேறொன்று. பள்ளி திறப்பதற்கு முன்பே, 1919 ஆகஸ்ட் 31-ஆம் நாள், தம் பிள்ளைகளைச் சேர்க்கவிருந்த பெற்றோரைக் கூட்டி ஸ்டைனர் உரையாற்றினார். எதற்காக இந்தப் பள்ளி, எவ்வாறு கற்பிக்கப் போகிறோம் என்பதை முதலில் அவர்களுக்கே விளக்கினார். பெற்றோரின் புரிதலும் ஒத்துழைப்பும் இன்றி இப்பள்ளி நிலைக்காது என்பது அவர் கொள்கை.

அன்று தொடங்கிய மரபு இன்று உலகெங்கும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஸ்டைனர் பள்ளிகளில் பல வடிவங்களில் தொடர்கிறது. முதல் வகுப்பில் பிள்ளையைக் கைப்பிடித்து ஏற்கும் ஆசிரியரே, இயன்றவரை எட்டாம் வகுப்பு வரை அப்பிள்ளையோடு வருவது வழக்கம். ஆகவே ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையே எட்டாண்டுக் கால உறவு வளர்கிறது. பிணக்கு வந்தாலும் பேசித் தீர்த்தே ஆகவேண்டிய உறவு அது. சிறு வகுப்புகளில் மதிப்பெண் பட்டியலுக்கு மாறாக, பிள்ளையின் இயல்பையும் வளர்ச்சியையும் சொற்களால் எழுதிய அறிக்கையே பெற்றோரின் கைக்கு வருகிறது. வகுப்புவாரியாகப் பெற்றோர் மாலைநேரங்களில் கூடுகின்றனர். கூடியபின் கட்டண நினைவூட்டலையும் தேர்வுத் தேதியையும் மட்டும் கேட்டுக்கொண்டு கலைந்து செல்வதில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை ஏன் திடீரென்று தனிமையை நாடுகிறது, வீட்டில் தொலைக்காட்சிக்கு எவ்வளவு நேரம் இடம் தருவது என்றெல்லாம் கலந்து பேசுகின்றனர்.

பண்டிகைகளும் அவ்வாறே. பிள்ளைகள் தாம் கற்ற பாடலையும் நாடகத்தையும் கைவேலையையும் பெற்றோர்முன் படைக்கும் விழாக்கள் அப்பள்ளிகளில் அவ்வப்போது நடைபெறுகின்றன. கிறிஸ்து பிறப்புக் காலத்தில் ஆசிரியர்களே வேடமிட்டு, ஓபரூஃபர் என்னும் சிற்றூரின் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக நடித்து வந்த பழைய பிறப்பு நாடகத்தைப் பிள்ளைகளுக்குப் பரிசாக நடித்துக் காட்டுகின்றனர். நவம்பரில் புனித மார்ட்டின் நாளையொட்டிச் சிறுவர்கள் தாம் செய்த விளக்குகளை ஏந்தி ஊர்வலம் வருகின்றனர். பெற்றோர் தம் கையால் செய்த பொம்மைகளையும் பலகாரங்களையும் விற்றுப் பள்ளிக்கு நிதி திரட்டும் சந்தையும் உண்டு. தேர் ஜோடிக்கவும் கொடியேற்றத்துக்கும் பங்கு மக்கள் கூடிவரும் நம் திருவிழாக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சேர்ந்து உழைத்தவர்களே ஒரு காரியத்தைத் தமது என்று உரிமையோடு சொல்ல முடியும்.

ஆலை மறைந்தது, பள்ளி நின்றது

வரலாறு இங்கே நமக்கொரு கசப்பான பாடத்தையும் தருகிறது. பள்ளியின் புகழ் பரவியதும் வெளியிலிருந்து நடுத்தர வர்க்கத்தாரும் கல்வியாளரும் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தனர். சில ஆண்டுகளுக்குள் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் சிறுபான்மையாயினர். எவருக்காகப் பிறந்ததோ அவர்களே அங்கே விருந்தினர்போல் ஆயினர். நம் நாட்டிலும் 1997-இல் ஐதராபாத்தில் தொடங்கிய ஸ்லோகா, 2000-இல் மும்பையில் தொடங்கிய திரிதா முதலிய ஸ்டைனர் வழிப் பள்ளிகள், வசதியும் விழிப்பும் உள்ள பெற்றோரின் ஆர்வத்தாலேயே பெரிதும் வளர்ந்தன. ஆலைத் தொழிலாளியின் மனக்குறையில் பிறந்த பள்ளி, ஆலைத் தொழிலாளி எட்ட முடியாத பள்ளியாக மாறுவது வரலாற்றின் முரண் அன்றோ!

ஆனால் இன்னொரு பாடமும் உண்டு. 1920-இலேயே பள்ளியைத் தாங்குவதற்கென ஒரு சங்கம் அமைக்கப்பட்டது. பெற்றோரும் நண்பர்களும் அதில் உறுப்பினராகிப் பொருளுதவி செய்தனர். 1929-இல் அந்தச் சிகரெட் ஆலை மூடப்பட்டு, அதன் வணிகப் பெயர் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. முதலாளியின் கொடையை மட்டும் நம்பியிருந்தால் பள்ளியும் அன்றே மூடப்பட்டிருக்கும். 1938-இல் நாட்சி ஆட்சி அதை மூடியது. குண்டுவீச்சு கட்டடத்தைச் சிதைத்தது. 1945 அக்டோபரில் அதே பள்ளி மீண்டும் திறந்தது. கட்டடமும் பணமும் இல்லாத நாளில் அதைத் திரும்ப எழுப்பியவர்கள் பழைய ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களுமே. ஆலை மறைந்தது, பள்ளி நின்றது.

நம் பகுதி மக்களுக்கு இது எட்டாத கதையன்று. 2006-இல் வந்த நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாள் கைப்பேசி உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம் குடும்பங்களின் கணக்கு ஒரே நாளில் புரண்டது. வேலை போனவுடன் ஒரு வீட்டில் முதலில் எழும் கேள்வி வாடகை. அடுத்தது பள்ளிக் கட்டணம். ஆலைகள் வரும், போகும். அவற்றின் கணக்குகள் உலகச் சந்தையில் எழுதப்படுகின்றன. பிள்ளையின் கல்வியை அந்தக் கணக்கில் மட்டும் கட்டிப்போடலாகாது.

திருச்சபையின் எச்சரிக்கை

ஸ்டைனரைப் பற்றிப் பேசும்போது கத்தோலிக்கராகிய நாம் மற்றொன்றையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து திருமுழுக்குப் பெற்றவர். பின்னர் பிரம்மஞான சபையில் இணைந்து 1902 முதல் அதன் ஜெர்மன் கிளைக்குப் பொதுச்செயலாளராக இருந்தார். அச்சபையின் தலைமையகம் நம் சென்னை அடையாற்றில் உள்ளது. அடையாற்றில் வளர்ந்த சிறுவர் ஜே. கிருஷ்ணமூர்த்தியை வரவிருக்கும் உலக ஆசானாக அன்னி பெசன்ட் அம்மையார் அறிவித்ததை ஸ்டைனர் ஏற்க மறுத்தார். அப்பிணக்கு முற்றி, 1913-இல் அவர் தனி இயக்கமாகப் பிரிந்தார். ஆயினும் மறுபிறப்பு, கருமம் முதலிய கொள்கைகளை அவர் கைவிடவில்லை. பள்ளி தோன்றிய அதே 1919-ஆம் ஆண்டின் ஜூலை மாதத்தில், பிரம்மஞானக் கொள்கைகள் கத்தோலிக்கப் போதனையோடு இசையா என்று உரோமைத் திருப்பேராயம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் காரணம் இன்றும் நமக்குப் பொருந்தும். மீட்பு என்பது பல பிறவிகளில் நாமே ஈட்டுவதன்று; கிறிஸ்துவில் நமக்கு அருளப்படுவது.

எனினும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. ஸ்டுட்கார்ட் பள்ளியில் சமயப் பாடத்தை அந்தந்தச் சபையின் குருக்களே வந்து கற்பிக்க இடம் தரப்பட்டது. எந்தச் சபையையும் சாராத பெற்றோரின் பிள்ளைகளுக்கே பள்ளி தனியாக வகுப்பு நடத்தியது. பிள்ளையின் சமயத்தைத் தீர்மானிக்கும் உரிமை பெற்றோருடையது என்று அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. கொள்கையை ஏற்காமலேயே, பெற்றோருக்குத் தந்த இந்த மதிப்பை நாம் கற்றுக்கொள்ளலாம்.

நம் மண்ணின் மரபு

பள்ளியை ஊரே தாங்கும் மரபு நமக்கு அந்நியமானதும் அன்று. காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்த நெ.து. சுந்தரவடிவேலு, காமராசர் ஆட்சிக் காலத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்தார். அவர் முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது 1958-இல், திருப்பெரும்புதூருக்கு வடக்கே உள்ள கடம்பத்தூரில் கூடியது. எங்கள் பள்ளிக்கு இது வேண்டும் என்று ஊரார் பட்டியலிட்டனர். அதை ஊராரே நிறைவேற்றினர். நிலம் உள்ளவர் நிலம் தந்தார். மற்றவர் பெஞ்சும் கரும்பலகையும் மணியும் சீருடையும் தந்தனர். ஒன்றும் இல்லாதவர் உழைப்பைத் தந்தனர். மதிய உணவுத் திட்டத்திலும் அரசின் பங்கோடு ஊராரின் பங்கும் சேர்ந்திருந்தது. நம் முன்னோர் பிடியரிசி சேர்த்துக் கோயிலையும் பள்ளியையும் எழுப்பியதும் இதே உணர்வில்தான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இம்மரபுக்குச் சட்ட வடிவம் தந்தது. அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கவும், அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்கவும் அது வகை செய்தது. 2022-இல் தமிழக அரசு தன் பள்ளிகளில் இக்குழுக்களைப் புதிதாக அமைத்தது. கூலி வேலை செய்யும் தாய் ஒருவர் குழுத் தலைவராக அமர்ந்து, கழிப்பறைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்கும் நிலை அதனால் உண்டாயிற்று.

சிறுபான்மைப் பள்ளிகளின் நிலை வேறு. 2014 மே 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யப் பெரிய அமர்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. நம் நிறுவனங்களை நடத்தும் உரிமை நமக்கு இன்றியமையாதது. அதை நாம் விட்டுக்கொடுக்க இயலாது. ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாட்டின் சட்டம் விலக்கு அளித்தாலும் திருச்சபையின் சட்டம் விலக்கு அளிக்கவில்லை. பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் எடுத்துரைத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்போ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஆசிரியர்கள் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும், பெற்றோர் சங்கங்களையும் கூட்டங்களையும் ஏற்படுத்தி உயர்வாக மதிக்க வேண்டும் என்று அதன் 796-ஆம் சட்டம் பணிக்கிறது. இது அறிவுரையன்று, கடமை.

செய்யத்தக்கவை

ஒரகடம் பக்கத்தில் வாழும் பெற்றோரிடம் ஆர்வம் குறைவு என்று சிலர் சொல்லக் கேட்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தால், இரவு ஷிப்ட் முடிந்து வந்த தந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார். காலை ஷிப்டுக்குச் சென்ற தாய் எந்திரத்தின் முன் நின்றிருப்பார். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒருநாள் விடுப்பென்றால் ஒருநாள் கூலி போயிற்று. வராதவர் அக்கறையற்றவர் அல்லர். அழைத்த நேரம் அவருக்கு உரியதன்று. ஆகவே ஒரே கூட்டத்தை இருவேறு நேரங்களில், ஒன்றை ஞாயிறு திருப்பலிக்குப் பின் நடத்தலாம். ஆசிரியர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளையின் வாடகை வீட்டுக்குச் சென்று வரலாம். அன்பியக் கூட்டங்களில் குடும்பங்களின் நோயும் வேலையும் பேசப்படுவதுபோல் பிள்ளைகளின் படிப்பும் பேசப்படலாம். இந்தியோ ஒடியாவோ பேசும் தாய்க்கு அருகில் அமர்ந்து மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை நியமிக்கலாம். அத்தாய் எந்தச் சமயத்தவராயினும் அவருக்கும் அந்த இருக்கை உரியதே. லேத்து ஓட்டத் தெரிந்த தந்தையும் மின்னணுக் கருவி பொருத்தத் தெரிந்த தாயும் ஆண்டில் ஒருநாள் வகுப்பறையில் நின்று தம் தொழிலைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பெற்றோரின் உழைப்பைக் குறித்து வெட்கப்படாத பிள்ளையே கல்வி கற்ற பிள்ளை.

இவை எவற்றுக்கும் பெரும் பொருட்செலவில்லை. தேவைப்படுவது, பெற்றோரைக் கட்டணம் செலுத்துவோராக மட்டும் காணாமல் உடன் உழைப்பவராகக் காணும் மனம். பெற்றோரிடமும் ஒரு கடமை உண்டு. கட்டணம் கட்டியதோடு நம் பங்கு முடிந்தது என்று எண்ணுவது, பிள்ளையை நாமே அனாதையாக்குவதற்கு ஒப்பாகும். மதிப்பெண்ணைக் கேட்கும் நாம் ஆசிரியரின் பெயரையாவது அறிந்திருக்கிறோமா என்று ஒவ்வொருவரும் நம்மைக் கேட்டுக்கொள்வோமாக.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக ஏற்படுத்தினார். நாசரேத்தில் அவருடைய பட்டறையும் இல்லமும் மகனின் கல்விக்கூடமும் ஒன்றாகவே இருந்தன. பன்னிரண்டு வயது மகன் கோவிலில் போதகரின் நடுவே அமர்ந்து வினாக்கள் கேட்டபோது, மூன்று நாள் தேடி அலைந்த பெற்றோர் உள்ளே வந்தே அவரைக் கண்டனர். அவர்களை எவரும் வாயிலில் நிறுத்திவைக்கவில்லை. ஆலை வாயில்கள் பெருகிவரும் இந்நிலத்தில் நம் பள்ளி வாயில்களும் உழைக்கும் பெற்றோருக்கு அவ்வாறே திறந்திருக்கட்டும்.